வெட்டினாற் போதுமா?

"மரத்தை வெட்டிவிட்டோம்" என்று நம்மவர் சொல்லக் கேட்கும்போதெல்லாம் எமக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. கண்ணுக்குத் தெரிந்த பாதியை மட்டும் வெட்டினார்களா, தெரியாத பாதியையும் எடுத்தார்களா என்பதே அவ்வையம். அவர்கள் வீட்டுக் கொல்லைப்புறம் சென்று பார்த்தால் விடை உடனே கிடைத்துவிடும். கணுக்கால் உயரத்தில் அறுத்து விடப்பட்ட அடிக்கட்டை ஒன்று அங்கே வீற்றிருக்கும். அதன்மேல் துணி துவைக்கும் வாளியோ, வாடிய பூந்தொட்டியோ ஏற்றி வைக்கப்பட்டிருக்கும். "இதை ஏன் விட்டுவைத்தீர்கள்?" என்று கேட்டால், "கிடக்கட்டும், தானாக மக்கிப்போகும்" என்று மறுமொழி வரும். இந்தக் "கிடக்கட்டும்" என்னும் ஒரு சொல்லை எதிர்த்து வழக்காடவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

அடிக்கட்டைக்கு ஒரு கட்டுரையா, எழுதுவதற்கு வேறு பொருளே அகப்படவில்லையா என்று சிலர் நகைக்கலாம். நகைப்போர் நகைக்க. பெரிய பெரிய சீர்திருத்தங்களைப் பற்றி மேடையேறி முழங்குவோர் பலர்; தம் கொல்லையிலுள்ள ஒரு சாண் கட்டையைப் பெயர்த்தெடுத்தோர் சிலர். யாமும் அண்மைக் காலம் வரை அந்தப் பலருள் அடங்கியவரே.

யாம் தோட்டமொன்றிற் கிராணி வேலை பார்த்து வருகிறோம். பள்ளியிற் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்திலேயே பயின்றோம். பேனாவையும் கணினியையும் தவிர வேறு கருவி எம் கையிற் பழகியதில்லை. எம் வீட்டுக் கொல்லையிலும் ஓர் அடிக்கட்டை 2 ஆண்டுகள் கிடந்தது. ஆதலின், பிறர்மேல் வழக்குத் தொடுக்குமுன் எம்மையே முதற் குற்றவாளியாகக் கூண்டில் ஏற்றுகின்றோம்.

எம் கொல்லையில் நடந்தது

எம் தந்தையார் தோட்டத்திற் பால்மரம் சீவியே எம்மைப் படிக்க வைத்தவர். ஓய்வு பெற்றபின், ஊழியர் சேமநிதியிற் சேர்ந்த பணத்தைக் கொண்டு பட்டணத்தின் ஓரத்தில் ஒரு சிறு வீடு வாங்கினார். அந்நிலம் முன்னாளில் யாரோ ஒருவருடைய சிறு ரப்பர்த் தோட்டமாக இருந்தது. வீடுகள் எழுந்தபோது தப்பிப் பிழைத்த முதிய பால்மரம் ஒன்று எம் கொல்லையில் நின்றது. தந்தையார் அதைத் தொட விடவில்லை. ஆனால், பால்மரம் காற்றுக்கு எளிதில் முறியும் இயல்புடையது. ஒரு மாலை அடித்த பெருங்காற்றிற் கிளையொன்று முறிந்து சமையலறைக் கூரையின்மேல் விழுந்தது. மறுவாரமே மரம் வெட்டும் குத்தகைக்காரரை அழைத்தோம்.

அவர் இயந்திர ரம்பத்தோடு வந்தார். அரை நாளில் மரம் தரையிற் கிடந்தது. நாற்காலி மேசை செய்யும் ஆலைகளிற் பால்மரப் பலகைக்கு விலையுண்டு. ஆகவே துண்டுகளையெல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டார். போகுமுன், "வேரையும் எடுக்கவேண்டுமானால் தனிக் கூலி ஆகும்" என்றார். "வேண்டாம், கிடக்கட்டும்" என்று சொன்னவர் வேறு யாருமல்லர், யாமே. விலைபோகும் பாகத்தை அவர் கொண்டுபோனார். விலைபோகாத பாகத்தை யாம் வைத்துக்கொண்டோம்.

முதலாண்டிற் கட்டையைச் சுற்றித் தளிர்கள் கிளம்பின. அறுத்தோம், மீண்டும் கிளம்பின. பிறகு தளிர் நின்றது. கட்டையின் பக்கத்திற் செம்மஞ்சள் நிறக் காளான்கள் தட்டுத் தட்டாக முளைத்தன. அழகாயிருக்கின்றனவே என்று படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்பினோம். எம் கல்வியின் அளவு அவ்வளவே. அடுத்தாற்போல், கறையானின் மண்கோடு கட்டையிலிருந்து புறப்பட்டுச் சமையலறைக் கதவுநிலை வரை சென்றது. மழை பெய்த சில நாட்களிற் கட்டையின் நடுப்பொந்திலே தேங்கிய நீரிற் கொசுப்புழு நெளிந்தது. அப்போதும் "கிடக்கட்டும்" என்றே சொன்னோம்.

வேலிக்கு அப்பால் மலாய்ப் பெரியவர் ஒருவர் குடியிருக்கிறார். அவர் நட்டு வளர்த்த இளம் பலாமரம் முதற்காய் பிடிக்கும் பருவத்தில் இலை பழுத்து உதிரத் தொடங்கிற்று. உரமிட்டார், நீர் ஊற்றினார், பயனில்லை. மரம் பட்டுப்போயிற்று. அதைத் தோண்டிச் சாய்த்த அன்று எம்மையும் அழைத்துக் காட்டினார். வேர்ப்பட்டையை ஒட்டி வெண்ணிறக் கயிறு போன்ற இழைகள் கிளைத்துப் படர்ந்திருந்தன. அவை வந்த வழியைத் தொடர்ந்து மண்ணைப் பறித்தோம். வேலிக்கு அடியாக எம் கொல்லைக்குள் நுழைந்து, எம் பால்மரக் கட்டையின் வேரிற்போய் அவை முடிந்தன. பெரியவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே சென்றார். அவர் எம்மை ஏசியிருந்தால் எமக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

வேர் வேலியை அறியாது

அந்த வெண்ணிழை புதிய பகையன்று. பிரேசில் நாட்டு விதையிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த பால்மரக் கன்றுகள் 1877-ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றுட் சில கோலகங்சாரில் நடப்பட்டன. சிங்கப்பூர்த் தாவரவியற் பூங்காவின் தலைவராயிருந்த ரிட்லி என்பார் அப்பயிரை இந்நாட்டிற் பரப்ப அரும்பாடுபட்டார். பால்மரத்தின் வேரைத் தின்னும் இந்தப் பூஞ்சணத்தை 1904-ஆம் ஆண்டிலேயே கண்டு அறிவித்தவரும் அவரே. இன்று அறிவியலார் அதனை ரிஜிடோபோரஸ் மைக்ரோபோரஸ் என்பர். தோட்டத்து வழக்கில் அது வெள்ளை வேர் நோய். யாம் படமெடுத்து மகிழ்ந்த செம்மஞ்சட் காளான் அந்நோய் வெளியே நீட்டிய கையே என்பதைப் பிறகு அறிந்தோம்.

அதன் வழி எளியது. மரத்தை அறுத்தவுடன் கட்டையின் முகம் பச்சைப் புண்ணாகத் திறந்து கிடக்கும். காற்றில் வரும் பூஞ்சண வித்து அதில் விழுந்து முளைக்கும். அல்லது, மண்ணுக்குள் முன்னமே நோயுற்ற வேரொன்று அதைத் தொட்டுக்கொண்டிருக்கும். உயிருள்ள மரம் நோயை ஓரளவேனும் எதிர்த்து நிற்கும். செத்த கட்டைக்கு எதிர்க்க ஆற்றலில்லை. ஆகவே கட்டையானது பூஞ்சணத்துக்கு நெடுநாட் களஞ்சியமாகின்றது. அங்கே உண்டு வலுப்பெற்றபின், வேரோடு வேர் தொடும் இடந்தோறும் அது பக்கத்து மரத்திற் பாய்கின்றது. இலை பழுத்து நோய் வெளிப்படும்போது உள்ளே பெரும்பாலான வேர் அழிந்திருக்கும். வீட்டு எல்லையை நாம் வேலியால் வகுக்கிறோம். வேர் அந்த வேலியை அறியாது.

செம்பனையும் இதே பாடத்தைப் புகட்டியிருக்கிறது. சிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில் 1917-ஆம் ஆண்டு வாணிகத்துக்கென முதன்முதல் நடப்பட்ட அப்பயிர் பின்னர் நாடெங்கும் பரவிற்று. தென்னையை அழித்துச் செம்பனை வைத்த கடலோரத் தோட்டங்களில், மண்ணில் விடப்பட்ட தென்னங்கட்டைகளிற் கனோடெர்மா என்னும் பூஞ்சணம் குடியேறிப் புதுப்பயிரை இளமையிலேயே வீழ்த்திற்று. மக்கும் கட்டைகளிற் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, இளங்குருத்தைக் குடைந்தது. ஆகையால், ஏறக்குறைய 25 ஆண்டுக்கொருமுறை மறுநடவு செய்யும்போது, நோய் கண்ட இடங்களில் மண்வாரி இயந்திரத்தைக் கொண்டு அடிக்கட்டையைத் தோண்டியெடுத்துச் சில்லுகளாகச் சீவிப்போடுகின்றனர்.

அந்த வேலைக்கான செலவுக் கணக்கை எழுதுகிறவர் யாம்! தோட்டத்துக் கட்டையைத் தோண்டக் காலையிற் கணக்கெழுதிவிட்டு, மாலையில் வீடு திரும்பி எம் கட்டையின்மேற் காலை வைத்து இளைப்பாறினோம். முதலாளியின் நிலத்துக்கு ஓர் அறிவு, நம் நிலத்துக்கு ஓர் அறிவா? இதனை அடிமைப்புத்தி என்னாது வேறென்னென்பது?

எதிர்வாதங்கள்

நிற்க. கட்டையை எடுக்க யாம் முடிவு செய்தபோது ஊரார் வழங்கிய ஆலோசனைகள் பல. அவை எம் ஊருக்கு மட்டும் உரியனவல்ல, எங்கும் வழங்குவன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வோம்.

முதலாவது, "தானாக மக்கும்" என்பது. மக்குவது உண்மை. ஆனால், மக்குதல் என்பது யாது? பூஞ்சணமும் கறையானும் வண்டும் அதைத் தின்று தீர்ப்பதே மக்குதல். பால்மரம் உறுதியற்ற மரமாதலின் அவ்விருந்து விரைவிலே தொடங்கும். வைரம் பாய்ந்த மரமாயின் ஆண்டுக்கணக்கில் நீளும். விருந்தாளிகள் கட்டையோடு நின்றுவிடுவார்கள் என்பதற்கு யார் பொறுப்பு? பொந்தில் நிற்கும் ஓர் அகப்பை நீர் ஏடிஸ் கொசுவுக்குப் போதும். டிங்கிக் காய்ச்சலைச் சுமந்து திரியும் கொசு அது. கொசு பெருகும்படி இடத்தை வைத்திருப்பது 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமுமாகும். காலம் எல்லாவற்றையும் திருத்திவிடும் என்று கைகட்டி நிற்பவர், காலம் எந்தப் பக்கம் வேலை செய்கின்றது என்பதைப் பார்ப்பதில்லை.

இரண்டாவது, தீயின் கட்சி. "பழைய டயரை மேலே வைத்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துங்கள், ஒரே இரவிற் சாம்பல்" என்று ஓர் அன்பர் சொன்னார். மண்ணிற் புதைந்த வேர் ஈரம் நிறைந்தது. மேலே எரிந்து கரியாகும். கீழே அப்படியே நிற்கும். உலர்ந்த வேர் இருப்பின் ஆபத்து இன்னும் பெரிது. நெருப்பு அவ்வேர் வழியே கண்ணுக்குத் தெரியாமல் ஊர்ந்து சென்று வேறிடத்தில் எழும்பும். கரிமண் நிலமாயின் மண்ணே பல நாள் புகைந்துகொண்டிருக்கும். டயர்ப் புகையின் நஞ்சு கொளுத்தியவர் வீட்டுக் குழந்தையின் நெஞ்சிற்குத்தான் முதலிற் செல்லும். திறந்த வெளியில் எரிப்பதைச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடுக்கின்றது. 1997-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்திற் புகைமூட்டத்தால் சரவாக்கில் அவசரநிலை அறிவிக்கப்பட்டதை நாம் மறந்துவிடவில்லை. அன்று அண்டை நாட்டுக் காட்டுத்தீயைத் தூற்றிய அதே வாய், தன் கொல்லையில் டயரைக் கொளுத்தச் சொல்வது எவ்வகை நியாயம்?

மூன்றாவது, நஞ்சின் கட்சி. உப்பைக் கொட்டு, டீசலை ஊற்று, களைக்கொல்லியைப் பூசு என்பர் இவர்கள். உப்பு கட்டையைக் கரைப்பதில்லை, மண்ணைக் கெடுக்கும். டீசல் மண்ணில் இறங்கி மழைநீரோடு கால்வாய்க்குச் செல்லும். களைக்கொல்லியைப் புது வெட்டிற் பூசினால் தளிர் கிளம்பாமல் தடுக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால், கொல்வது வேறு, அகற்றுவது வேறு. செத்த வேர் மண்ணுக்குள்ளேயே இருக்கும். நஞ்சை எளிய வழியென்று நம்பியதன் விலையைத் தோட்டத்து மக்களைவிட நன்கறிந்தோர் யார்? முற்காலத்திற் களைகளை அழிக்கச் சோடியம் ஆர்சினைட் என்னும் பாஷாணத்தைத் தெளித்தனர். பின்னாளிற் பேரகுவாட் வந்தது. 2020-ஆம் ஆண்டு தொடங்கியே அது இந்நாட்டில் முற்றிலும் தடைசெய்யப்பட்டது. முதுகிற் பம்பைச் சுமந்து அதைத் தெளித்தவர்கள் பெரும்பாலும் நம் பெண்கள். எம் தாயாரும் அவர்களுள் ஒருவர். கறுத்துச் சிதைந்த அவருடைய விரல்நகங்களைப் பார்த்து வளர்ந்த யாம், எம் கொல்லைக்கும் நஞ்சு வாங்கி வருவதெங்ஙனம்?

நான்காவது, அச்சத்தின் கட்சி. அடுத்த தெரு அம்மையார் ஒருவர் ஒரு வெள்ளிக்கிழமை கட்டையின்மேல் மஞ்சட் துணி சாத்திக் கற்பூரம் ஏற்றிவிட்டுப் போனார். முனி குடியிருக்கும் கட்டையாம். தோண்டினால் வீட்டுக்கு ஆகாதாம். அவ்வம்மையார் நல்லவர், எங்கள்மேல் அன்புள்ளவர், அவரை யாம் எள்ளவில்லை. ஆனால், முனியை இடம் மாற்றிவைக்க ஒரு சேவலும் கைநிறையக் காசும் கேட்டு வந்தாரே ஒருவர், அவருக்கு ஒரு சொல் சொல்லவேண்டும். ஐயா, இந்நாட்டுப் பெருங்காடுகளை வெட்டித் தோட்டமாக்கிய நம் முன்னோர், வானளாவிய மரங்களை ஆயிரக்கணக்கிற் சாய்த்தார்கள். அவர்களிற் பலரைக் கொன்றது முனியன்று, மலேரியாக் காய்ச்சல். அதனை ஓட்டியது சேவலன்று. கிள்ளானில் 1901-ஆம் ஆண்டு டாக்டர் மால்கம் வாட்சன் தொடங்கிய வடிகால் வேலை. சதுப்பு நீரை வடித்தார்கள், கொசு குறைந்தது, மனிதர் பிழைத்தனர். வாய்க்கால் வெட்டிய கடப்பாரைக்கு விலகிக்கொடுத்த சாவு, எம் கடப்பாரைக்கு மட்டும் சினங்கொள்ளுமோ? மஞ்சட் துணியை மடித்து அம்மையாரிடமே மரியாதையோடு திருப்பிக் கொடுத்தோம்.

எத்தனை ஆள்?

ஐந்தாவது வாதம் ஒன்று உண்டு. அதனைச் சொன்னவர் ஊராரல்லர், யாமே. "தோட்டத்தில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவரை ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்வோம், 50 வெள்ளி கொடுத்தால் முடித்துவிடுவார்" என்று தந்தையாரிடம் கூறினோம்.

தந்தையார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "ஏம்பா, தோட்டத்துக் கணக்குல இந்தக் கட்டைக்கு எத்தனை ஆள் போடுவே?"

யாம் கட்டையை ஒரு பார்வை பார்த்து, "ஓர் ஆள், அரை நாள்" என்றோம்.

"சரி. அந்த ஓர் ஆளு நீயா இருந்து பாரு" என்று சொல்லி, மண்வெட்டியை எடுத்து எம் கையிற் கொடுத்தார்.

தோழர்களே, எழுதுகோல் பிடித்த கை மண்வெட்டி பிடித்த கதையை விரித்துரைக்க வெட்கமாயிருக்கிறது, ஆயினும் உரைக்கவேண்டும். முதல் ஒரு மணி நேரத்திலேயே இரு கையும் கொப்புளித்தன. முதல் ஞாயிறு முழுவதும் உழைத்துக் கட்டையைச் சுற்றி முழங்கால் ஆழத்துக்குக்கூடப் பள்ளம் பறிக்க இயலவில்லை. மூட்டுவலியால் குந்த இயலாத தந்தையார் பலகையில் அமர்ந்து, கோடாலியை எங்கே போடவேண்டும், மூச்சை எப்போது விடவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாம் ஞாயிறு பக்கவேர்கள் வெளிப்பட்டன, தொடை பருமனுள்ளவை, ஒவ்வொன்றாக அறுத்தோம். மூன்றாம் ஞாயிறு ஆணிவேர் அகப்பட்டது. அதை அசைக்க எம் ஒருவரால் ஆகவில்லை.

அப்பொழுது வேலியோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மலாய்ப் பெரியவர், யாம் அழையாமலே, தம் வீட்டிலிருந்து சங்கிலிக் கப்பியையும் கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு வந்தார். எம் கட்டையால் மரத்தை இழந்தவர் அவர். இருவருமாகச் சேர்ந்து பிற்பகலிற் கட்டையை மேலே கொணர்ந்தோம். தேநீர் அருந்தும்போது, அவர் பலாவுக்காக யாம் மன்னிப்புக் கேட்டோம். அவர் தலையசைத்தார். அவ்வளவே.

"ஓர் ஆள், அரை நாள்" என்று எம் நா எளிதாகச் சொன்ன கணக்கு இவ்வாறு முடிந்தது. எம் கை பழகாத கை. வல்லவரொருவர் இதைவிட விரைவில் முடித்திருப்பார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவருக்கும் அது அரை நாள் வேலையன்று. 50 வெள்ளி வேலையுமன்று. அதைவிட முக்கியமானது ஒன்று: அந்த அரை நாளைச் சொல்ல எமக்கு என்ன தகுதி இருந்தது? மண்ணின் கடினம் தெரியாது. வேரின் பருமன் தெரியாது. கோடாலியின் எடை தெரியாது. எண் மட்டும் தெரியும். படித்த நம்மவரில் எத்தனை பேர் இவ்வாறே பிறர் முதுகின் மேல் எண்களை எழுதிக்கொண்டிருக்கின்றோம்! பெற்றோர் கூலி வேலை செய்து நம்மைப் படிக்க வைத்தது நாம் கூலி வேலையை இழிவென்று எண்ணுவதற்காகவா? கைவேலை கூலிக்காரனுக்கு, கணக்கு வேலை நமக்கு என்னும் பிரிவு புது வருணாசிரமமன்றி வேறென்ன? பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லையென்று முழங்கும் நாம், மண்வெட்டியால் உயர்வு தாழ்வு வகுத்துக்கொண்டோமே!

கூலிக்கு ஆள் வைப்பது தவறென்று யாம் சொல்லவில்லை. முதியோர் உளர், நோயுற்றோர் உளர், வீட்டுச் சுவரை ஒட்டிய பெருமரத்தின் வேரைக் கைத்தேர்ச்சி இல்லாதவர் தொடவும் கூடாது. அழைப்பவர் உழைப்பின் அளவறிந்து கூலி கொடுக்கட்டும் என்பதே எம் கட்சி. அளவறிய ஒரு முறையேனும் தாமே தோண்டிப் பார்ப்பதைவிட நல்ல வழியில்லை.

செய்யும் வகை

பழிப்பதோடு நில்லாமல், யாம் பட்டறிந்த முறையையும் சொல்லிவைக்கின்றோம்.

வேலை மரத்தை வெட்டும்போதே தொடங்குகின்றது. கணுக்கால் உயரத்தில் அறுக்க விடாதீர்கள். மார்பளவு விட்டு அறுக்கச் சொல்லுங்கள். அந்த நீண்ட முண்டமே பின்னர் நெம்புகோலாக உதவும். எம் குத்தகைக்காரர் தரையோடு அறுத்துவிட்டமையாலேயே எம் பாடு இரட்டித்தது. வேரையும் சேர்த்தே கூலி பேசிக்கொள்ளுங்கள்.

தோண்டுமுன் நீர்க்குழாய், மின்கம்பி, மலக்குழித் தொட்டி ஆகியவை எங்கே செல்கின்றன என்று அறிந்துகொள்ளவேண்டும். கட்டையிலிருந்து ஒன்றரை முழம் தள்ளிச் சுற்றிலும் பள்ளம் பறிக்கவேண்டும். வெளிப்படும் வேரை நீரூற்றி மண்போகக் கழுவியபின் வெட்டுக. மண்ணும் கல்லும் ஒட்டிய வேரில் வெட்டினால் கோடாலி முனை மழுங்கும். பக்கவேர் ஒவ்வொன்றையும் ஒரு கை அகலத் துண்டு நீங்குமாறு இரண்டிடத்தில் அறுத்தால் கருவி புழங்க இடம் கிடைக்கும். பிறகு அடியிற் குடைந்து ஆணிவேரைத் தேடுக. பால்மரம், மா, பலா முதலியவற்றுக்கு ஆணிவேர் உண்டு. தென்னைக்கும் செம்பனைக்கும் ஆணிவேரில்லை, நாரைப்போன்ற வேர்கள் கொத்தாக இருக்கும். அவற்றைச் சுற்றியறுத்தால் கட்டை பந்துபோற் புரளும். தூக்கும்போது கப்பியை வீட்டுத் தூணிற் கட்டாதீர்கள். மூன்று வலிய கம்பங்களை உச்சியிற் பிணைத்து முக்காலியாக நிறுத்தி, அதிற் கட்டுக. சங்கிலி இறுகியிருக்கும்போது பக்கத்திற் குழந்தைகள் நிற்கலாகாது.

வெண்ணிழை கண்டால் கட்டையோடு நிறுத்தாமல், எட்டும் வேர்களையெல்லாம் பொறுக்கியெடுத்து வெயிலில் உலர்த்தவேண்டும். மண்ணிற் சிறு துண்டு எஞ்சினாலும் நோய்க்கு அது வித்து. குழியை மண்ணிட்டு நிரப்பி இறுக மிதிக்க. மழைக்குப் பின் தாழும், மீண்டும் நிரப்புக. அதே இடத்தில் உடனே மரம் நடலாகாது. பின்னர் நடும்போது குழிமண்ணிற் கந்தகத்தூள் கலப்பது தோட்டங்களிற் கைக்கொள்ளப்படும் முறை.

இதற்கும் விலக்கு உண்டு. சரிவிலும் ஆற்றங்கரையிலும் நிற்கும் கட்டையைப் பறிக்காதீர்கள். அங்கே அவ்வேரே மண்ணைப் பிடித்து நிறுத்துகின்றது. வீட்டுக்கும் பயிருக்கும் எட்டாத தொலைவில் நோயற்ற கட்டை மக்கினால் மண்ணுக்கு உரமாகும்; அதனையும் விட்டுவிடலாம். ஆராய்ந்து விடுவது அறிவு. ஆராயாமல் "கிடக்கட்டும்" என்பது சோம்பல். இரண்டையும் ஒன்றென்று மயங்காதிருக்கவேண்டும்.

முடிவாக

கட்டை வெளிவந்த மறுநாள் திங்கட்கிழமை. அலுவலகத்திற் கணக்குப் புத்தகத்தைத் திறந்தோம். மறுநடவுக்காகச் சில பழங்கட்டைகளைக் கையால் தோண்டவேண்டிய ஓரிடம் பற்றித் தண்டல் வந்து, "ஓர் ஆள் போதுங்க ஐயா" என்றார். எம் பேனா நின்றது. கட்டை எவ்வளவு பருமன், மண் களியா மணலா, எத்தனை அடி ஆழம் என்று கேட்டோம். தண்டல் எம்மை வியப்போடு பார்த்தார். இத்தனை ஆண்டுகளில் யாம் அவ்வாறு கேட்டது அதுவே முதன்முறை. அவரோடு நேரிற் சென்று இடத்தைப் பார்த்தபின், மூன்று ஆள் என்று எழுதி மேலிடத்துக்கு அனுப்பினோம்.

தோழர்களே! உங்கள் கொல்லைக் கட்டையை இன்றே சென்று பாருங்கள். அதன் வேர் யாருடைய மரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கின்றது என்று எண்ணிப் பாருங்கள். அதைத் தீக்கும் நஞ்சுக்கும் முனிக்கும் ஏழையின் முதுகுக்கும் தள்ளிவிடாமல், இயன்றவர் மண்வெட்டியைக் கையில் எடுங்கள். மரத்தை வெட்டியவன் வேலையிற் பாதியே செய்தவன். மீதிப் பாதி மண்ணுக்குள் இருக்கிறது. அதையும் செய்து முடிப்போமாக.